முப்பத்து மூன்று வளையங்கள்

பிரஷ் டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் நாளே கொண்டைக்குள் ஒரு பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு வந்து நின்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, வருகைப் பதிவேட்டில். அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் படித்துப் பட்டம் வாங்கி வந்த டீச்சர் இல்லை. அதை மூடி மறைக்கிற ஆளும் இல்லை. பீங்கான் தட்டு செய்கிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். அங்கே அவளுக்குக் கடைசி மேஜை. தட்டின் விளிம்பில் ஒரு நீலக் கோடு சுற்றி ஓடுமே, அதைப் போடுவது மெஷின். மெஷினுக்கும் கண் அசரும் போலிருக்கிறது. ஒரு சுற்று சுற்றிவிட்டு, தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்கிற நேரத்தில் மயிரிழை அளவு இடைவெளி விட்டுவிடும். அந்த இடைவெளியை ஒற்றைத் தொடலில் மூடி, தட்டைச் சூளைக்கு அனுப்ப வேண்டும். அதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு தட்டு. கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள், தலை சுற்றும்.

இப்படி ஒரு வேலையை இருபத்திரண்டு வருஷம் செய்தால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுமா? தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். பீரோ கதவு ஒரு விரல் திறந்திருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. டப்பா மூடி, ஜன்னல் கொக்கி, பாதி இழுத்த திரைச்சீலை, எல்லாவற்றையும் போகிற போக்கில் மூடிக்கொண்டே போவாள். தம்பி பெண்டாட்டி வாய்த்துடுக்கானவள். "எங்க வீட்டுல திறந்திருக்கறது எங்க வாய் மட்டும்தான். அதையும் அண்ணி கண்ணுல படாம பாத்துக்கறோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். விருந்தாளி பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போதே இவள் குனிந்து தட்டின் விளிம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது எங்க தட்டு இல்ல. கோடு நொண்டுது" என்பாள். அந்த விருந்தாளி மறுபடி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா?

தொழிற்சாலையை ஏன் விட்டாள் என்று கேட்டால் முழங்கால் வலி என்பாள். முழங்காலும் வலித்தது, அது பொய்யில்லை.

பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷமாக வாரம் நாலு நாள் வருகிறாள். சார்ட் எழுதுவது, அறிவிப்புப் பலகையை அலங்கரிப்பது, பிள்ளைகளுக்குப் படம் போடச் சொல்லித் தருவது. கரும்பலகையில் சாக்பீஸை வைத்தால் ஒரே இழுப்பில் வட்டம் போட்டு, தொடங்கிய புள்ளியிலேயே கொண்டுவந்து நிறுத்துவாள். பிள்ளைகள் நூல் கட்டி அளந்து பார்த்துவிட்டு வாயைப் பிளப்பார்கள். அப்போது இவள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வாள்.

"கோடு எங்க ஆரம்பிச்சுதோ அங்கயே வந்து முடியணும். இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் கை ஒரு தடவ கூடத் தவறினது இல்ல, தெரியுமா?"

தெரியும் என்று முப்பத்து நாலு தலையும் ஆடும். மாசத்துக்கு நாலு தரம் கேட்டால் தெரியாமலா போகும்.

அந்த முப்பத்து நாலு பேரில் பொத்தான் ஒருத்தி. நாலாம் வகுப்பு. சட்டையின் மேல் பொத்தானை எந்நேரமும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள். அவள் அம்மா மாசம் ஒரு பொத்தான் புதிதாகத் தைக்கிறாள். பேர் வாசித்தால் கையைத் தூக்குவாளே தவிர "உள்ளேன்" என்று சொல்ல மாட்டாள். இந்த மண்ணில் மற்ற எல்லோரும் வந்து சேர்வதற்கு முன்பே இருந்த பூர்வகுடிகளைச் சேர்ந்தவள். அந்த ஊரில் இப்போது அவர்கள் நாலைந்து வீடு இருந்தால் அதிகம். அப்பா கப்பல் வேலைக்குப் போய் எட்டு மாசம் ஆகிறது. ஐந்து மாசமாக ஒரு போன் கிடையாது. அம்மா கேட்காத இடமில்லை. கேட்ட இடத்திலெல்லாம் "தகவல் வந்தா சொல்றோம்" என்று ஒரே பாட்டு.

இப்படியிருக்க, பெரிய டீச்சர் ஒருநாள் பிரஷ் டீச்சரைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. குரலும் பெரிதுதான். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கல்வி அதிகாரி வருகிறார், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் பிள்ளைகள் பூர்வகுடி ஓவியம் ஒன்று வரைந்து வைத்திருக்க வேண்டும், மாதிரி இந்தத் தாளில் இருக்கிறது, இதைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வைத்தால் போதும் என்றார். தாளில் ஏதோ ஒரு தேசத்துப் பல்லி இருந்தது.

பிரஷ் டீச்சர் அந்தத் தாளை நாலாம் வகுப்பில் ஒட்டினாள். ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"இது எங்களது இல்ல, டீச்சர்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. பொத்தானுக்குக் குரல் உண்டு என்பதே பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அப்ப உங்களது எப்படி இருக்கும் கண்ணு?"

"அம்மாவுக்குத் தெரியும்."

இந்த இடத்தில் பிரஷ் டீச்சரைப் பாராட்டத்தான் வேண்டும். நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போய், அந்த அம்மாவை வரவழைத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "படத்தப் பாத்துப் போட்டா ஆகாதா?" என்றார் பெரிய டீச்சர். "யார் வீட்டுப் படத்தையோ போட்டுட்டு இவங்க வீட்டுப் பேர எழுதினா, அந்தப் புள்ள தினமும் தண்ணி குடிக்கறப்ப அதத்தானே பாக்கும்?" என்றாள் இவள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சம்மதிக்கிற விதம் அது.

பொத்தானின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. செவ்வாயும் புதனும் ஷிப்ட் முடிந்து நேரே வந்தாள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிய விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வந்தவுடன் வாளியில் காவி கரைத்தாள், சுவர் முழுக்க அதைப் பூசச் சொன்னாள், காய்ந்தபின் மாதிரிக்கு ஒரு அட்டையில் வெள்ளையால் வளையம் போட்டாள். வளையத்தின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருந்தாள்.

"இது ஒரு ஆளுக்குப் போடறது. வெளிய போயிருக்கற ஆளுக்கு. வீட்டுல இருக்கறவங்க போட்டு வைப்போம். இந்த இடம் அந்த ஆள் உள்ள வர வழி. அதனால மூடக் கூடாது."

"எப்பவுமே மூட மாட்டீங்களா?" என்று ஒரு பையன் கேட்டான்.

அவள் பிரஷ்ஷை வாளி விளிம்பில் வைத்தாள். "மூடுவோம். அந்த ஆள் இனிமே வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்சப்புறம், வீட்டுல ஒருத்தர் போய் மூடுவோம். அதுக்கப்புறம் காத்திருக்க வேண்டாம்னு அர்த்தம்."

பிரஷ் டீச்சர் பக்கத்திலேயே நின்று இதைக் கேட்டாள். காதில் விழாமல் போனது, அந்தச் சமயம் கை கழுவப் போயிருந்தாள் என்றெல்லாம் நான் சப்பைக்கட்டுக் கட்டப் போவதில்லை. கேட்டாள், தலையை ஆட்டினாள், பிள்ளைகளுக்கு இன்னொரு தரம் எடுத்தும் சொன்னாள்.

ஆளுக்கு ஒரு வளையம். ஒருத்தி ஹாஸ்டலில் இருக்கும் அக்காவுக்குப் போட்டாள். ஒருத்தன் வேறு தேசத்தில் வேலை பார்க்கும் மாமாவுக்கு. எனக்கு வெளியில் யாரும் இல்லையே என்று அழப்போனவன், அம்மா வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்குப் போட்டுக்கொண்டான். இன்னொருத்தன் ஓடிப்போன நாய்க்குப் போடலாமா என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. பொத்தானின் அம்மா சிரிக்கவில்லை. "வீட்டுல சாப்பிட்டுதுல்ல? அப்ப அதுவும் வீட்டு ஆளுதான். போடு" என்றாள். போன வருஷம் அம்மாவைப் பறிகொடுத்த ஒரு பையன் இருந்தான். அவன் எதுவும் கேட்காமல் ஒரு வளையம் போட்டு அதை முழுசாக மூடினான். பொத்தானின் அம்மா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கோடு முடிகிற வரை அவன் முதுகில் கை வைத்திருந்தாள். ஆக, முப்பத்து நாலு வளையம். முப்பத்து மூன்றில் வழி இருந்தது.

பொத்தான் அப்பாவுக்குப் போட்டாள். அந்த இரண்டு நாளில் அவள் பேசிய பேச்சை எழுத ஒரு நோட்டுப் போதாது. கப்பலில் எத்தனை ஏணி, அப்பா எப்படிக் குறட்டை விடுவார், போன தடவை வந்தபோது கதவு தட்டாமல் ஜன்னல் வழியாக எப்படிக் கூப்பிட்டார். பக்கத்துப் பெண்ணுக்குக் காது வலித்திருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போனபின் பிரஷ் டீச்சர் மட்டும் தனியாக இருந்தாள். தரையில் சிந்தின காவியைத் துடைத்தாள். ஒழுகின இடங்களைச் சரிபண்ணினாள். மேல் வரிசையில் ஒரு வளையத்தில் வெள்ளை சரியாகப் பிடிக்காமல் காவி தெரிந்தது. கொண்டையிலிருந்து மெல்லிய பிரஷ்ஷை உருவி அதைத் தொட்டாள். பக்கத்து வளையத்திலும் அப்படி ஒரு இடம். அதையும் தொட்டாள். அதற்கடுத்ததில் இருந்த இடைவெளி கொஞ்சம் கோணலாக இருந்தது.

அதற்குமேல் அவள் செய்யவில்லை, கை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். மனசு எங்கோ இருந்தது. நாளைக்கு எந்தப் புடவை, அதிகாரிக்கு நாற்காலி எங்கே போடுவது, தம்பி மகனுக்குப் பல் வலி எப்படி இருக்கிறதோ. கை பாட்டுக்குக் கை. தொடங்கின இடம், முடிகிற இடம், ஒரு தொடல், நகர். தொடங்கின இடம், முடிகிற இடம், ஒரு தொடல், நகர். கேட்கிற உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறதா? எனக்கும்தான் வந்தது. ஆனால் வேலைக்குப் போகிற வழியில் போவதாக நினைத்து லீவு நாளிலும் அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள் உங்கள் வீட்டில் ஒருத்தர்கூட இல்லையா?

அரை மணி நேரத்தில் முப்பத்து மூன்றும் முடிந்தது. கதவு பூட்ட வந்த வாட்ச்மேன் நின்று பார்த்தார்.

"பிரமாதம் டீச்சர். பிரிண்ட் போட்ட மாதிரி இருக்கு."

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் உள்ளே நுழைந்தபோது பிள்ளைகள் சுவருக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். சத்தமே இல்லை. முப்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் நின்றால் ஏதோ விபரீதம் என்று எந்த டீச்சருக்கும் தெரியும். நாய்க்காரப் பையன் இவளைப் பார்த்ததும் வந்து புடவையைப் பிடித்தான். அவன் கன்னம் நனைந்திருந்தது.

"டீச்சர், என் நாய் செத்துப்போச்சா?"

"என்னடா உளர்ற?"

அவன் சுவரைக் காட்டினான். அப்போதுதான் அவள் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று கண் ஓடியது. எல்லாமே அழகாக, ஒரு மயிரிழை பிசகாமல் மூடியிருந்தன. அம்மா இல்லாத அந்தப் பையனின் வளையம் ஒன்றுதான் அவள் கை படாதது.

பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒரு முகத்தைக் காணவில்லை.

"பொத்தான் எங்க?"

"வந்தா டீச்சர். பாத்தா. போயிட்டா."

பை மட்டும் குழாயடியில் கிடந்தது. வாட்ச்மேன், தண்ணீர் லாரிக்காகக் கேட்டைத் திறந்தபோது பிள்ளை வெளியே போனதைப் பார்த்திருக்கிறார், ஏதாவது வாங்கிவர யாரோ அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். அவரைத் திட்ட இவளுக்கு நேரமில்லை. நாலு திட்டு தனக்கே பாக்கியிருந்தது. பிரஷ் டீச்சர் ஓடினாள். அந்த முழங்காலோடு, செருப்பு ஒன்று வழியில் கழன்று விழ, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினாள். பிள்ளையின் அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு. நடுவில் லாரிகள் பறக்கிற மெயின் ரோடு. அந்தச் சின்னக் கால் அதைத் தனியாகக் கடந்திருக்கிறது. அதை நினைத்தபோது அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது.

சலவைப் பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம். உள்ளே ஆவி, சோடா வாசனை, கடகடவென்று சுற்றும் மெஷின்கள். மேஜைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். பொத்தான் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அம்மா அழவில்லை. ஒரு விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இவளைப் பார்த்ததும் அது கையிலிருந்து நழுவியது.

"தகவல் எப்ப வந்துது டீச்சர்? என்கிட்ட சொல்லாம, புள்ள கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

பிரஷ் டீச்சருக்கு மூச்சு வாங்கியது. கையை மட்டும் இல்லை இல்லை என்று ஆட்டினாள்.

"தகவல் எதுவும் வரலைங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் மூடினேன். தெரியாம. எல்லாத்தையும் மூடிட்டேன். நாய்க்குப் போட்டது, பாப்பாவுக்குப் போட்டது, எல்லாத்தையும்."

பொத்தானின் அம்மா அழுக்குத் துணி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்த முகம் அது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது கோபம் வந்திருந்தது.

"நீங்க பக்கத்துல நின்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"தலைய ஆட்டினீங்க."

"ஆட்டினேன்."

"அப்புறம் எப்படி?"

இதற்குப் பதில் வேண்டியிருந்தது அம்மாவைவிடப் பிள்ளைக்குத்தான். இடுப்பைக் கட்டியிருந்த கை இன்னும் தளரவில்லை.

"டீச்சர் பொய் சொல்றாங்கம்மா" என்றாள் பொத்தான். "தாத்தா செத்தப்பவும் ஊருக்குப் போயிருக்காருன்னுதான என்கிட்ட சொன்னீங்க? பத்து நாள் சொன்னீங்க. டீச்சர் கை தவறவே தவறாது. அவங்களே சொல்லியிருக்காங்க. தெரிஞ்சுதான் மூடியிருக்காங்க."

மடித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. பிள்ளையின் அம்மாவும் இவளை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவேளை பள்ளிக்கூடத்துக்கு நிஜமாகவே போன் வந்து, இப்போது பூசி மெழுகுகிறார்களோ என்ற சந்தேகம் அந்தக் கண்ணில் மறுபடி தலைகாட்டியது. பிரஷ் டீச்சருக்கு அது புரிந்தது. இந்தப் பிள்ளை நம்பாவிட்டால், இன்றைக்கு வளையத்தைத் திறந்து வைத்தாலும் அவள் வீட்டில் அப்பா செத்தவர்தான். இனி அவர் வந்து வாசலில் நிற்கிற வரை ஒவ்வொரு ராத்திரியும் செத்தவர்தான்.

அவள் தரையில், ஈரத்தில், பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"என் கை தவறியிருக்கு பாப்பா. ஒரு தடவ. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் தம்பிக்குக் கூடத் தெரியாது."

பொத்தான் அம்மாவின் இடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"தொழிற்சாலைல புதுசா ஒரு தட்டு வந்துது. விளிம்புக் கோட்ட ஒரு இடத்துல வேணும்னே விட்டிருப்பாங்க. அந்த இடத்துல அப்புறமா ஒரு சின்ன இலை வைப்பாங்க. அதுதான் டிசைன். காலைல சூப்பர்வைசர் எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னாரு, இதத் தொடாதீங்கன்னு. நானும் சரின்னு தலைய ஆட்டினேன். சாயங்காலம் பாத்தா எல்லாத்தையும் மூடியிருக்கேன்."

"எத்தன?"

"நானூத்தி எண்பது."

"நானூத்தி எண்பதுமா?"

"எல்லாத்தையும். சூளைக்குப் போயிடுச்சு. சுட்டது சுட்டதுதான், ஒண்ணும் பண்ண முடியாது. நாளைல இருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. முழங்கால் வலின்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். உங்ககிட்ட வந்து கை தவறினதே இல்லன்னு பீத்திக்கிட்டேன்."

பொத்தான் யோசித்தாள். சட்டைப் பொத்தான் வாய்க்குள் போயிற்று, வெளியே வந்தது.

"பக்கத்துல யாருமே இல்லையா? யாரும் சொல்லலையா?"

"பக்கத்து மேஜைக்காரி பாத்துட்டுத்தான் இருந்தா. 'உனக்குத் தெரியாததா, நீ ஏதோ காரணமாத்தான் பண்றன்னு நினைச்சேன்'னு அப்புறம் சொன்னா."

மடிக்கிற மேஜையிலிருந்து ஒரு பெண் கேட்டாள், "நாலு தட்டு போட்டப்பவே உறைக்கலையா உங்களுக்கு?"

"உறைக்கல. அதுதான் என் வியாதி."

யாரோ ஒருத்தி சிரித்தாள். பொத்தானின் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியது. பிள்ளையின் தலையில் கை வைத்தாள். "எனக்கு எந்தத் தகவலும் வரல. வந்தா உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன். தாத்தா விஷயத்துல பண்ணின மாதிரி பண்ண மாட்டேன். சத்தியமா." பிறகு பிரஷ் டீச்சரைப் பார்த்தாள்.

"தட்டத்தான் சுட்டுட்டாங்க. சுவத்தச் சுடலயே. போய்த் தொறங்க. மேல காவி பூசி மறைக்காதீங்க, அடியில மூடினது அப்படியேதான இருக்கும்? சுரண்டி எடுங்க. எனக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. வந்து பாப்பேன்."

திரும்பி வரும் வழியில் பிரஷ் டீச்சர் பொத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது மெயின் ரோட்டுக்காக. ரோடு தாண்டியும் விடவில்லை. கழன்று விழுந்த செருப்பு அதே இடத்தில் கிடந்தது. பொத்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். முழுசாக நம்பிவிட்டாளா என்று இவளுக்குத் தெரியவில்லை, கேட்கத் துணிவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட கை விலகியதும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி பத்தரை. மூணு மணிக்கு அதிகாரி. சுரண்டினா சுவரெல்லாம் வடு வடுவாத் தெரியுமே. காவி பூசிட்டா நீட்டா இருக்குமில்ல?"

"நீட்டா இருக்க வேண்டாம்."

பிரஷ் டீச்சர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருமென்று அந்தக் கட்டடத்தில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நாலாம் வகுப்பு சுற்றி நின்றது. அவள் அவர்களிடமும் சொன்னாள், நாய் எங்கோ நன்றாகத்தான் இருக்கும், பாப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறது, தவறு என் கை மேல், தட்டிலும் இதே தவறைச் செய்தவள் நான் என்று. சொல்லும்போது முகம் சிவந்தது. ஆனால் இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கொஞ்சம் எளிதாக இருந்தது. யாரும் கேலி செய்யவில்லை. "நானூத்தி எண்பதா!" என்று நாய்க்காரப் பையன் மட்டும் மரியாதையாகச் சொன்னான்.

பிளேடை எடுத்தாள். "எங்கப்பாவோடது முதல்ல" என்றாள் பொத்தான்.

கீழ் வரிசையில், தரைக்கு அருகில் இருந்தது அது. பிரஷ் டீச்சர் மண்டியிட்டாள். முழங்கால் சுரீரென்றது. நேற்று தொட்ட இடம் எது என்று தேடினாள். கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. பொத்தானின் அம்மா மாதிரியில் இடம் விட்டது கீழ்ப்பக்கம் என்ற நினைப்பில் குத்துமதிப்பாக ஒரு இடத்தில் பிளேடை வைத்து இழுத்தாள். வெள்ளை பொரிப்பொரியாக உதிர்ந்தது. காவியும் சேர்ந்து வந்தது. அதற்கும் அடியில் சுவரின் பழைய சாம்பல் நிறம் தெரிந்தது. ஒரு ஓரம் நேராகவும் இன்னொரு ஓரம் கடித்தது போலவும் ஒரு விரல் அகலத்துக்கு வழி விழுந்தது. அவள் பார்த்ததிலேயே அசிங்கமான கோடு அதுதான்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். பொத்தான் குனிந்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். விரலை அந்த இடைவெளிக்குள் வைத்து உள்ளேயும் வெளியேயும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள். பிரஷ் டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் எந்த சூப்பர்வைசர் முன்னாலும் அவள் அப்படிக் காத்திருந்ததில்லை.

"பத்தாது டீச்சர்" என்றாள் பொத்தான். "இன்னும் கொஞ்சம் அகலமா வேணும். எங்கப்பா குண்டு."